கண்ணெதிரே இருக்கும் சாவி ஏன் கிடைப்பதில்லை? பைத்தானின் லிஸ்ட், டிக்‌ஷனரி குறித்து ஒரு விளக்கம்

கோயம்பேடு காய்கறி விலைகளை, பெயரைச் சாவியாகவும் விலையை அதன் மதிப்பாகவும் கொண்ட ‘டிக்‌ஷனரி’ என்ற அமைப்பில் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பைத்தான் மொழி நிரலிடம் ‘கொத்தமல்லி’யின் விலையைக் கேட்டால், அப்படி ஒரு சாவியே இல்லை என்று கீ-எர்ரர் பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. டிக்‌ஷனரி முழுவதையும் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் ‘கொத்தமல்லி’ தெளிவாகவே கண்ணில் படுகிறது. எழுத்துப் பிழை இல்லை. முன்னும் பின்னும் இடைவெளி இல்லை. மேற்கோள் குறிகளும் சரியாகவே இருக்கின்றன. தமிழ்த் தரவுகளை வைத்து நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, குறை எங்கே என்று தெரியாமல் பல மணி நேரத்தை இழக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இடம்பெற்ற பிறகு, லிஸ்ட், டிக்‌ஷனரி என்ற சொற்கள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களைத் தாண்டிப் பள்ளி மாணவர்களின் வீட்டுப் பாடம் வரை வந்துவிட்டன. பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்றும், எழுத எளிதாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, டிக்‌ஷனரிக்கு வரிசை கிடையாது என்று பழைய குறிப்புகளும், உண்டு என்று புதிய குறிப்புகளும் சொல்கின்றன. இந்தக் குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: இவ்விரு அமைப்புகளும் ஒரு பொருளை நினைவகத்தில் எப்படி வைக்கின்றன, எப்படித் தேடி எடுக்கின்றன என்பது விளக்கப்படாமலே போகிறது. கொத்தமல்லிக்கு வருவதற்கு முன் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எத்தனையாவது? எதனுடையது?

லிஸ்ட் என்பது வரிசையில் நிற்கும் பொருள்களின் தொகுப்பு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்சார ரயில் நிலையங்களை இப்படி எழுதலாம்:

நிலையங்கள் = ["கடற்கரை", "கோட்டை", "பூங்கா", "எழும்பூர்", "சேத்துப்பட்டு", "நுங்கம்பாக்கம்", "கோடம்பாக்கம்", "மாம்பலம்", "சைதாப்பேட்டை", "கிண்டி", "பரங்கிமலை", "பழவந்தாங்கல்", "மீனம்பாக்கம்", "திரிசூலம்", "பல்லாவரம்", "குரோம்பேட்டை", "தாம்பரம் சானடோரியம்", "தாம்பரம்"]

2008ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தான் 3 முதல், தரவைக் குறிக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், மேலே உள்ள வரி எழுதியபடியே இயங்கும். உறுப்புகளின் இடத்தைக் குறிக்கும் எண் சுட்டெண் எனப்படும். அது 0 என்று தொடங்குகிறது. ஆகவே நிலையங்கள்[0] கடற்கரை, நிலையங்கள்[7] மாம்பலம், நிலையங்கள்[17] தாம்பரம். பதினெட்டு நிலையங்கள் இருந்தும் நிலையங்கள்[18] என்று கேட்டால் இண்டெக்ஸ்-எர்ரர் வருவதற்கு இந்தச் சுழியக் கணக்கே காரணம். பின்னாலிருந்து எண்ண –1 என்று தொடங்க வேண்டும்.

டிக்‌ஷனரி என்பது இணைகளின் தொகுப்பு. ஒவ்வோர் இணையிலும் ஒரு சாவியும் அதற்குரிய மதிப்பும் இருக்கும். சாவியை நூல்களில் ‘திறவுகோல்’ என்றும் அலுவலகப் பேச்சில் ‘கீ’ என்றும் சொல்வார்கள்.

அஞ்சல் = {600004: "மயிலாப்பூர்", 600017: "தியாகராய நகர்", 600042: "வேளச்சேரி", 600020: "அடையாறு"}

அஞ்சல்[600042] என்று கேட்டால் வேளச்சேரி கிடைக்கும். லிஸ்ட்டிடம் நாம் கேட்பது ‘எத்தனையாவது இடத்தில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி. டிக்‌ஷனரியிடம் கேட்பது ‘இதற்கு உரியது எது?’ என்ற கேள்வி. எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதை நிரல் எந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கப்போகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். தரவு எந்த வடிவில் கைக்கு வந்தது என்பது தீர்மானிக்கக் கூடாது.

டிக்‌ஷனரியை ‘அகராதி’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம்தான். ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது. அகரத்தை ஆதியாகக் கொண்ட வரிசை என்பதே அகராதியின் பொருள். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி முதல் இன்றைய அகராதிகள் வரை, எழுத்து வரிசையை நம்பித்தான் நாம் பக்கம் புரட்டுகிறோம். பைத்தானின் டிக்‌ஷனரியோ எழுத்து வரிசையைத் துளியும் பயன்படுத்தாமல் தேடுகிறது. அதனால் இக்கட்டுரை ‘டிக்‌ஷனரி’ என்ற சொல்லையே கையாளுகிறது.

லிஸ்ட்: அடுத்தடுத்த அறைகள்

நினைவகத்தில் லிஸ்ட் ஒரே அளவுள்ள அறைகளின் தொடராக அமைகிறது. 64 பிட் கணினியில் ஒவ்வோர் அறையும் 8 பைட். அறைக்குள் பொருள் இருப்பதில்லை. பொருள் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. 17ஆம் சுட்டெண்ணைக் கேட்டால், தொடக்க முகவரியோடு 17 × 8 = 136 பைட்டைக் கூட்டி பைத்தான் நேரே அந்த அறைக்குப் போய்விடுகிறது. பத்து உறுப்புகள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஆகும் நேரம் ஒன்றே. இந்த அமைப்பிலிருந்து சில விளைவுகள் தாமாகவே பிறக்கின்றன.

1. பெயரைச் சொல்லித் தேடினால் லிஸ்ட் மெதுவானது. ‘திரிசூலம் இருக்கிறதா?’ என்று கேட்டால், கடற்கரையில் தொடங்கி ஒவ்வொரு நிலையமாக ஒப்பிட்டுக்கொண்டே போய்ப் பதினான்காவது ஒப்பீட்டில்தான் விடை கிடைக்கும். இல்லாத பெயரைக் கேட்டால் பதினெட்டையும் பார்த்த பிறகே ‘இல்லை’ என்று சொல்ல முடியும்.

2. நடுவில் ஒன்றைச் செருகினால், அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் ஓர் அறை நகர வேண்டும். தொடக்கத்தில் செருகுவதே மிகவும் செலவானது. சுட்டெண் 7 என்பது மாம்பலம் என்று வேறெங்காவது குறித்து வைத்திருந்தால், முன்னால் ஒரு நிலையம் சேர்ந்ததுமே அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். இடம் மாறக்கூடிய ஒன்றை அடையாளமாகக் கொள்வது ஆபத்து என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

3. கடைசியில் சேர்ப்பது மலிவானது. ‘அப்பெண்ட்’ என்ற செயற்கூற்றைப் (ஆயத்த நிரல்கட்டளையைப்) பயன்படுத்தும்போது, பைத்தான் தேவைக்கு மேல் சில அறைகளை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது. வெற்று லிஸ்ட்டில் ஒன்றொன்றாகச் சேர்த்தால் முதலில் 4 அறைகள், பிறகு 8, பிறகு 16 என்று இடம் விரிகிறது. லிஸ்ட் பெரிதான பிறகு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் முழு லிஸ்ட்டையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டிய தேவை இதனால் குறைகிறது.

புதியவர்களை மிகவும் தடுமாற வைக்கும் பிழையும் இதே அமைப்பிலிருந்து வருவதுதான். [2, 4, 6, 8] என்ற லிஸ்ட்டை ஒரு மடக்கில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதியில்) வரிசையாகப் பார்த்துக்கொண்டே, இரட்டை எண்ணாக இருந்தால் நீக்கிவிடச் சொன்னால், வெற்று லிஸ்ட் மிஞ்சும் என்றே எதிர்பார்ப்போம். மிஞ்சுவதோ [4, 8]. முதல் சுற்றில் 2 நீங்கியதும் 4 அதன் அறைக்கு நகர்ந்துவிடுகிறது. மடக்கு அடுத்த அறைக்குப் போவதால் 4ஐப் பார்ப்பதே இல்லை. அங்கே நிற்கும் 6ஐ நீக்குகிறது. 8 முன்னால் நகர்ந்து அதேபோலத் தப்பிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான விடை வருவதுதான் இதில் கவலைக்குரியது. மடக்கில் இருக்கும்போது அதே லிஸ்ட்டிலிருந்து நீக்காமல், வேண்டியவற்றை மட்டும் புதிய லிஸ்ட்டாக எடுத்துக்கொள்வதே சரியான வழி. டிக்‌ஷனரி இந்த வகையில் கண்டிப்பானது: மடக்கின் நடுவே அதன் அளவு மாறினால், உடனே பிழை காட்டி நின்றுவிடும்.

டிக்‌ஷனரி: சாவியிலிருந்து இடத்தைக் கணக்கிடுதல்

டிக்‌ஷனரி தேடுவதில்லை, கணக்கிடுகிறது. சாவியை ஒரு கணக்குக்கு உட்படுத்தி ஓர் எண்ணைப் பெற்று, அந்த எண்ணைக் கொண்டே இடத்தை அறிந்துகொள்கிறது. இந்தக் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் எழுதிய ஓர் உள்குறிப்பில் இந்த எண்ணத்தை முன்வைத்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை.

மேலே உள்ள அஞ்சல் எண்களைக் கொண்டே இதை அருகில் சென்று பார்க்கலாம். சிறிய முழு எண்ணுக்கு ஹாஷ் அந்த எண்ணேதான். புதிய டிக்‌ஷனரி 8 இடங்களோடு தொடங்குகிறது. ஹாஷை 8ஆல் வகுத்து வரும் மீதியே முதலில் பார்க்க வேண்டிய இடம்.

1. 600004ஐ 8ஆல் வகுத்தால் மீதி 4. மயிலாப்பூர் 4ஆம் இடத்தில் அமர்கிறது.

2. 600017க்கு மீதி 1. தியாகராய நகர் 1ஆம் இடத்துக்குப் போகிறது.

3. 600042க்கு மீதி 2. வேளச்சேரி 2ஆம் இடத்தைப் பெறுகிறது.

4. 600020க்கும் மீதி 4. அங்கே ஏற்கெனவே மயிலாப்பூர் இருக்கிறது. இதற்கு மோதல் என்று பெயர். உடனே அடுத்த இடத்துக்கு நகராமல், பைத்தான் ஹாஷை 32ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்துக்கொள்கிறது: 18750. பழைய இடத்தை 5ஆல் பெருக்கி, இந்த 18750ஐயும் 1ஐயும் கூட்டினால் 20 + 18750 + 1 = 18771. அதை 8ஆல் வகுத்தால் மீதி 3. அந்த இடம் காலியாக இருப்பதால் அடையாறு அங்கே அமர்கிறது.

நாளை 600020 என்று கேட்கும்போதும் இதே பாதைதான். 4ஆம் இடத்தில் பார்க்கிறது, ஹாஷ் பொருந்தவில்லை, 3ஆம் இடத்துக்குப் போகிறது, பொருந்துகிறது, முடிந்தது. இரண்டே படிகள். இடங்கள் நிரம்ப நிரம்ப மோதல் கூடும் என்பதால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்ப பைத்தான் விடுவதில்லை. 8 இடங்களில் 5 மட்டுமே பயன்படும். ஆறாவது இணை வந்ததும் பெரிய அட்டவணை உருவாகி அனைத்தும் புதிய இடங்களுக்கு மாறுகின்றன. வேகத்துக்கு டிக்‌ஷனரி தரும் விலை இந்தக் காலி இடங்கள்தான்.

இதன் பயன் பெரிய அளவில்தான் தெரியும். பத்தாயிரம் பெயர்கள் கொண்ட இரண்டு லிஸ்ட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ளவை மற்றொன்றில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மடக்குக்குள் மடக்கு எழுதினால் அதிகபட்சம் 10,000 × 10,000, அதாவது 10 கோடி ஒப்பீடுகள். இரண்டாவது லிஸ்ட்டை ஒருமுறை டிக்‌ஷனரியாக மாற்றிக்கொண்டால், கட்டுவதற்குப் பத்தாயிரம், கேட்பதற்குப் பத்தாயிரம் என்று ஏறத்தாழ 20,000 செயல்களில் வேலை முடியும். கணினி பழசு, பைத்தான் மெதுவான மொழி என்று குறைபட்டுக்கொள்வதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பது நல்லது. இருபது முப்பது உறுப்புகள் மட்டுமே உள்ள இடத்தில் இந்த வேறுபாடு உணரப்படாது. அங்கே லிஸ்ட்டே போதும்.

வரிசை உண்டா, இல்லையா?

இரு தரப்புக் குறிப்புகளும் தத்தம் காலத்துக்குச் சரியானவையே. பழைய பைத்தானில் இணைகள் மேலே பார்த்த 8 இடங்களிலேயே நேரடியாக அமர்ந்தன. ஒவ்வோர் இணைக்கும் ஹாஷ், சாவி, மதிப்பு என மூன்று 8 பைட்டுகள்; ஆக 24 × 8 = 192 பைட். டிக்‌ஷனரியை அச்சிட்டால் இடங்களின் வரிசையில் வந்ததே தவிர, நாம் சேர்த்த வரிசையில் வரவில்லை.

2012 டிசம்பரில் பைத்தானை உருவாக்குவோரில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். இணைகளைச் சேர்த்த வரிசையிலேயே ஒரு தொடராக வைத்துக்கொண்டு, 8 இடங்களில் ‘தொடரில் எத்தனையாவது’ என்ற ஒற்றை பைட் எண்ணை மட்டும் குறித்தால் போதும் என்பது அவர் யோசனை. 8 பைட்டும், 5 இணைகளுக்கான 120 பைட்டும் சேர்ந்து 128. இடத்தை மிச்சப்படுத்தக் கிளம்பிய யோசனை, சேர்த்த வரிசையையும் உடன் கொண்டுவந்தது. 2016 டிசம்பரில் வெளியான 3.6 பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது. 2018 ஜூனில் வெளியான 3.7 பதிப்பில் மொழியின் விதியாகவே உறுதி செய்யப்பட்டது.

இந்த வரிசைக்கு எல்லைகள் உண்டு. இருக்கும் சாவியின் மதிப்பை மாற்றினால் அதன் இடம் மாறாது. நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் கடைசிக்குப் போய்விடும். ‘மூன்றாவது இணையைக் கொடு’ என்று சுட்டெண் வழியாகக் கேட்க முடியாது. அஞ்சல்[2] என்று எழுதினால், 2 என்ற சாவியைத்தான் அது தேடும். ஒரே இணைகளை வேறு வேறு வரிசையில் கொண்ட இரண்டு டிக்‌ஷனரிகள் சமம். லிஸ்ட்டுகளோ வரிசை மாறினால் சமமல்ல. ஆகவே வரிசையே பொருளாக இருக்கும் இடத்தில், டிக்‌ஷனரியின் வரிசையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, லிஸ்ட்டுக்குப் பதிலாக நம்பிவிடக் கூடாது.

எது சாவியாகலாம்?

இடம் ஹாஷிலிருந்து பிறக்கிறது என்பது புரிந்துவிட்டால், சாவிக்கான விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாவி மாறினால் ஹாஷும் மாறும். வைத்த இடத்தில் பிறகு அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மாற்றத்தக்க லிஸ்ட்டைச் சாவியாக்க முயன்றால் டைப்-எர்ரர் வருகிறது. முழு எண்ணும் சரமும் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) மாறாதவை, அவை தகும். ("கிண்டி", "தாம்பரம்") போன்ற இணையைச் சாவியாக்க வேண்டுமானால், மாறாத லிஸ்ட் என்று சொல்லத்தக்க ‘டியூப்பிள்’ இருக்கிறது.

சமமான இரண்டு சாவிகளுக்கு ஹாஷும் சமமாக இருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. எக்செல் கோப்பிலிருந்து அஞ்சல் எண் 600017.0 என்று தசமப் புள்ளியோடு வந்தாலும், பைத்தானுக்கு அது 600017க்குச் சமம் என்பதால் தியாகராய நகர் கிடைத்துவிடும். மேற்கோள் குறிக்குள் "600017" என்று சரமாக வந்தால் கிடைக்காது. இந்த இடத்தில், தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் ஜேசான் கோப்புகளோடு வேலை செய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஜேசான் வடிவத்தில் சாவிகள் சரங்களாக மட்டுமே இருக்க முடியும். எண்களைச் சாவியாகக் கொண்ட டிக்‌ஷனரியைச் சேமித்துத் திரும்பப் படித்தால், எல்லாச் சாவிகளும் சரங்களாகிவிட்டிருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. நேற்று இயங்கிய நிரல் இன்று கீ-எர்ரர் காட்டுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

சாவி இல்லாதபோது பிழை வராமலிருக்க ‘கெட்’ என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் என்ன தர வேண்டும் என்பதையும் அதனிடம் சொல்லிவிடலாம். சொற்களை எண்ணும் நிரலில், முதன்முறை வரும் சொல்லுக்கு 0 என்று தொடங்க இது பொருத்தமானது. எல்லா இடத்திலும் இதையே எழுதும் பழக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. இருந்தே ஆக வேண்டிய சாவி இல்லாமற்போனால், அது தரவில் உள்ள குறை; கீ-எர்ரர் அந்தக் குறையைப் பிறந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. ‘கெட்’ அதை மூடி மறைத்து, பத்துப் பக்கம் தள்ளி வேறு பிழையாக வெளிவரச் செய்கிறது.

தமிழ்ச் சொல் சாவியாகும்போது

இனி கொத்தமல்லி. நம் கண்ணுக்கு அது கொ, த், த, ம, ல், லி என்ற ஆறு எழுத்துகள். பைத்தானுக்கு அது யூனிகோடு குறியெண்களின் (எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் தரப்பட்ட எண்களின்) தொடர்: க, ஒகரக் குறி, த, புள்ளி, த, ம, ல, புள்ளி, ல, இகரக் குறி என்று பத்து. இதில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுத யூனிகோடு இடம் தருகிறது. ‘ொ’ என்பதற்கென்றே தனிக் குறியெண் ஒன்று உண்டு. ‘ெ’ என்ற ஒற்றைக் கொம்பையும் ‘ா’ என்ற காலையும் இரண்டு குறியெண்களாக அடுத்தடுத்து எழுதினாலும் திரையில் அதே ‘கொ’தான் தோன்றும். அப்போது கொத்தமல்லியின் நீளம் பதினொன்று.

பத்தும் பதினொன்றும் வெவ்வேறு தொடர்கள், வெவ்வேறு ஹாஷ், டிக்‌ஷனரியைப் பொறுத்தவரை வெவ்வேறு சாவிகள். ஒரு விசைப்பலகையில் தட்டச்சு செய்த பட்டியலும், வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய சொல்லும் சந்திக்கும்போது கண்ணெதிரே இருக்கும் சாவி காணாமற்போவது இப்படித்தான். ஓ, ஔ குறிகளுக்கும் இதே நிலைதான். கோயம்பேடும் கோடம்பாக்கமும்கூட இதில் சிக்கலாம். மாறிகளின் பெயர்களை மட்டும் பைத்தான் தானாகவே ஒருமைப்படுத்திவிடுகிறது. சரங்களை அது தொடுவதில்லை. அதனால் ஒரே நிரலில் கொத்தமல்லி என்ற மாறி இரு வடிவிலும் ஒன்றாகவும், "கொத்தமல்லி" என்ற சரம் இரண்டாகவும் இருப்பது சாத்தியமே.

தீர்வு பைத்தானோடு உடன் வரும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் இருக்கிறது. அதன் ‘நார்மலைஸ்’ செயற்கூற்றிடம் ‘என்எஃப்சி’ வடிவம் வேண்டும் என்று சொன்னால், பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒற்றைக் குறியெண்ணாக்கித் தரும். சாவியை டிக்‌ஷனரியில் வைக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். கேட்கும்போதும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

ஆனால் இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

1. ‘ஶ்ரீ’ என்பதை ‘ஶ்’ கொண்டும் ‘ஸ்’ கொண்டும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை நிரலில் தேடுவோர் இதை மறக்கக் கூடாது.

2. ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டிவிடுவது பரவலான வழக்கம். ஔவை, ஒளவை, அவ்வை என்று மூன்று சாவிகள் பிறந்துவிடும். சென்னையின் அவ்வை சண்முகம் சாலை ஒரே டிக்‌ஷனரியில் மூன்று சாலைகளாகக் கிடக்கும்.

3. தி. நகர், டி. நகர், தியாகராய நகர் போன்றவை மனிதருக்கு ஒன்று; எந்தக் கணக்காலும் ஒன்றாக்க முடியாதவை.

முதலிரண்டையும் மாற்று விதிகளை எழுதிச் சரிசெய்யலாம். மூன்றாவதற்குச் சிறந்த வழி, பெயரைச் சாவியாக்காமல் இருப்பதே. அஞ்சல் எண், பொருள் எண் போன்ற மாறாத அடையாளம் சாவியாகட்டும். பெயர் மதிப்பாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களை அழகாகக் காட்ட அது தடையாகாது. தேடும்போது ஏமாற்றமும் வராது.

சரங்களின் ஹாஷ் நிரலை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே இடத்தில் மோதுமாறு சாவிகளைத் திட்டமிட்டு அனுப்பி வலைத்தளச் சேவைகளை முடக்கலாம் என்று 2011இன் இறுதியில் செய்து காட்டப்பட்டதைத் தொடர்ந்து, 2012இல் வெளியான 3.3 பதிப்பு முதல் இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே செயல்படுகிறது. ஆகவே ஹாஷ் எண்ணைக் கோப்பில் சேமித்து மறுநாள் பயன்படுத்த நினைப்பது வீண்.

ஒரு பொருள், பல பெயர்

அறைகளில் இருப்பது முகவரி மட்டுமே என்று முன்பு சொன்னதன் விளைவு இங்கே வருகிறது. ஒரு வாகனத்தின் இருக்கைகளை மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று இருக்கை என்று இப்படி அமைக்கிறோம்:

இருக்கை = [[0, 0, 0]] * 3

இருக்கை[0][1] = 1

முதல் வரிசையின் நடு இருக்கை மட்டும் பதிவாகியிருக்க வேண்டும். அச்சிட்டால் [[0, 1, 0], [0, 1, 0], [0, 1, 0]] என்று வருகிறது. மூன்று அறைகளிலும் இருந்தது ஒரே உள் லிஸ்ட்டின் முகவரி என்பதே காரணம். ஒரு மடக்கில் ஒவ்வொரு வரிசையையும் தனியாக உருவாக்கினால் இது நேராது.

பிரதி = அசல் என்று எழுதினால் நகல் உருவாவதில்லை; ஒரே பொருளுக்கு இரண்டாவது பெயர் கிடைக்கிறது. பிரதி = அசல்[:] என்பது லிஸ்ட்டை நகலெடுக்கும், ஆனால் மேல் அடுக்கை மட்டும். உள்ளே லிஸ்ட்டுகளோ டிக்‌ஷனரிகளோ இருந்தால், அவை இரு தரப்புக்கும் பொதுவாகவே இருக்கும். வலைத்தளங்களிலிருந்து வரும் தரவு பெரும்பாலும் டிக்‌ஷனரிகளின் லிஸ்ட்டாகவே இருப்பதால், இந்த அடுக்கு வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். முழு நகல் வேண்டுமானால் ‘காப்பி’ தொகுதியின் ‘டீப்காப்பி’யைப் பயன்படுத்த வேண்டும்.

அகர வரிசைக்கு இரண்டும் வேண்டும்

["மழை", "மனம்", "மரம்", "மகன்", "மலர்"] என்ற லிஸ்ட்டை பைத்தானிடம் வரிசைப்படுத்தச் சொன்னால் மகன், மனம், மரம், மலர், மழை என்று தருகிறது. தமிழ் வரிசையோ மகன், மரம், மலர், மழை, மனம். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. பைத்தான் குறியெண்ணைத்தான் ஒப்பிடுகிறது. தமிழிலோ மெய்களின் கடைசி எழுத்து ‘ன’.

இதைச் சரிசெய்ய முதலில் எழுத்துகளை நமக்கு வேண்டிய வரிசையில் ஒரு லிஸ்ட்டாக எழுத வேண்டும்: பன்னிரண்டு உயிர்கள், ஆய்தம், க முதல் ன வரை பதினெட்டு, கிரந்த எழுத்துகள், பிறகு உயிர்க்குறிகள், புள்ளி. அந்த லிஸ்ட்டிலிருந்து எழுத்தைச் சாவியாகவும் சுட்டெண்ணை மதிப்பாகவும் கொண்ட டிக்‌ஷனரியைக் கட்ட வேண்டும். அதில் ம 22, ழ 27, ன 30. ஒவ்வொரு சொல்லையும் இந்த எண்களின் லிஸ்ட்டாக மாற்றி ஒப்பிடச் சொன்னால், பைத்தான் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும்: மழையும் மனமும் 22இல் சமம், அடுத்து 27 சிறியது, ஆகவே மழை முன்னால். புள்ளியைக் கடைசியில் வைத்தால் ‘பகல்’லுக்குப் பின் ‘பக்கம்’ வரும். மெய்களுக்கு முன் வைத்தால் ‘பக்கம்’ முந்திக்கொள்ளும், அப்போது எண்களும் அதற்கேற்ப நகரும். எந்த அகராதி மரபைப் பின்பற்றுகிறோமோ அதற்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஒப்பிடுவதற்கு முன் எல்லாச் சொற்களையும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரிந்த கொம்பும் காலும் கொண்ட ‘கொத்தமல்லி’, ‘கெ’யில் தொடங்கும் சொற்களின் நடுவே போய் நின்றுகொள்ளும்.